கதவைப் பூட்டினாலும் கடல்

ஒருவர் மூன்று வருடங்களுக்கு மேல் ஒரே வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், "அப்படியென்றால் அங்கேயே போய்விடுங்களேன்" என்று ஒருநாள் பொறுமையிழந்து சொல்வது அவ்வளவு பெரிய குற்றமா? சொன்ன பிறகு அவர் உண்மையிலேயே போய்விட்டால், அனுப்பி வைத்தது நானா?

இதை என் கணவர் அருணிடம் கேட்டிருக்கிறேன். சேலத்தில் இருக்கும் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். ஒருமுறை குழந்தை மருத்துவரிடம்கூடக் கேட்டேன். அவர் அப்போது என் மகள் இனியாவின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருந்தார். "குழந்தை நன்றாக மூச்சு விடுகிறாள், நீங்கள்தான் விடவில்லை" என்றார். பதில் மட்டும் கிடைக்கவில்லை.

நான் சொல்வது எங்கள் கீழ்வீட்டு அக்காவைப் பற்றி. மன்னார்ப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து இருபது வருடங்களுக்கு முன் மொன்றியலுக்கு வந்தவர். நாங்கள் அந்தக் கட்டடத்துக்குக் குடிபோனபோது இனியாவுக்குப் பத்து மாதம். பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் நின்று பார்த்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். "வணக்கம் ஆன்ட்டி" என்றேன்.

"அன்ரியோ? எனக்கும் உமக்கும் என்ன அவ்வளவு வயசு வித்தியாசம்? அக்கா எண்டு கூப்பிடும்" என்றார். பிறகு திறந்திருந்த எங்கள் கதவு வழியாக உள்ளே பார்த்தார். "வீடு வடிவாத்தான் இருக்கு. நல்ல வெளிச்சம். எண்டாலும்…" என்று நிறுத்தினார்.

அந்த "எண்டாலும்" என்ற சொல்லை அன்றுதான் முதலில் கேட்டேன். அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் முறை கேட்டேன் என்று எனக்குத் தெரியாது. அவரிடம் எந்தப் பாராட்டும் அந்தச் சொல்லில் போய் இடித்துக்கொள்ளாமல் நின்றதில்லை. என் சாம்பார் நல்லதுதான், எண்டாலும். மே மாதத்துப் பூக்கள் வடிவுதான், எண்டாலும். அதற்குப் பிறகு வருவது எப்போதும் அவருடைய வீடு. இரண்டு அறை, முன்னால் ஒரு விறாந்தை, வாசலிலிருந்து நாற்பது அடி நடந்தால் தண்ணீர்.

"கதவைத் திறந்தாக் கடல். கதவைப் பூட்டினாலும் கடல்" என்பார். "எண்டாலும் சத்தம் இராது. எங்கட பக்கத்துக் கடல் கத்தாது, பிள்ளை. குளம் மாதிரிக் கிடக்கும்."

நான் சேலத்துக்காரி. கல்லூரிச் சுற்றுலாவில்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினாலே எனக்குப் பயம். வீட்டு வாசலில் கடல் இருப்பதை ஒருவர் ஏன் பெருமையாகச் சொல்கிறார் என்றே முதலில் புரியவில்லை. பிள்ளை இருக்கிற வீட்டில் அது பெரிய ஆபத்தல்லவா என்றுதான் தோன்றியது. ஒருமுறை கேட்டும்விட்டேன்.

"உங்கட வீட்டு வாசலில பஸ் ஓடுது. அது ஆபத்தில்லையோ?" என்றார்.

இனியா பேசத் தொடங்கியபோது அம்மா, அப்பா, பால் என்ற சொற்களுக்கு அடுத்து அவள் வாயில் வந்தது "எண்டாலும்" தான். கார்தெரியில், அதாவது அவள் போய்க்கொண்டிருந்த குழந்தைகள் காப்பகத்தில், ஒருநாள் மதியச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பாதி பிரெஞ்சில் "சே போன், எண்டாலும்" என்றாளாம், நல்லாத்தான் இருக்கு, எண்டாலும் என்று. அந்தக் கடைசிச் சொல் எந்த மொழி, ஒவ்வாமை ஏதாவதா என்று ஆசிரியை என்னிடம் கவலையோடு விசாரித்தார்.

அக்காவுக்கு டோர்வல் விமான நிலையத்தில் வேலை. வந்திறங்கும் விமானங்களுக்குள் ஏறிச் சுத்தம் செய்யும் குழுவில் இருந்தார். குளிர்காலம் முழுவதும் அவருக்கு வருவது வெயில் தேடிப் போனவர்களின் விமானங்கள். மூக்குத் தோல் உரிந்தவர்கள், தலை நிறைய மணி கோத்துப் பின்னிய சிறுமிகள், பனை ஓலைத் தொப்பிகள் எல்லாம் இறங்கிப் போன பிறகு இவர்கள் ஏறுவார்கள். அரைமணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இருக்கை மடிப்புகளில் மணல் இருக்கும்.

அந்த மணலை வைத்து விமானம் எங்கிருந்து வந்தது என்று அவரால் சொல்ல முடியும். "மெக்சிக்கோ மண் இடிச்ச மா மாதிரி. கியூபா மண் கொஞ்சம் கரகரப்பு. டொமினிக்கனில இருந்து வாறது தலைமயிருக்குள்ள போனா வராது" என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ மோசடியைக் கண்டுபிடித்தவரைப் போல, "எல்லாத்தையும் மணந்து பாத்தனான். ஒண்டிலையும் மணம் இல்லை. எங்கட மண் எண்டாக் கருவாட்டு மணம் வரும்" என்பார்.

"அந்த வாசனை இல்லாததுக்குத்தான் அக்கா இவங்க அங்க போறாங்க" என்பேன்.

"பாவங்கள்" என்று அவர் தலையை ஆட்டுவார்.

இவ்வளவு பேசியவர் அந்த இருபது வருடங்களில் ஒருமுறைகூட ஊருக்குப் போனதில்லை. கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன் டொராண்டோவில். போவதற்குத் தடை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. வீடு இன்னும் அவருடையதுதான். தம்பி குடும்பம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது. "ஏன் அக்கா போகல?" என்று கேட்டால், "பேந்து பாப்பம்" என்று பிறகுக்குத் தள்ளிவிட்டு, சட்டென்று எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவார்.

எனக்கு எரிச்சல் வரும். ஆனால் எரிச்சல்படவும் எனக்கு உரிமை இல்லாதபடி அவர் எங்களுக்கு நிறையச் செய்திருந்தார். அதிகாலை வேலை என்பதால் மதியம் இரண்டு மணிக்கு வீடு திரும்பிவிடுவார். எனக்கு அலுவலகத்தில் தாமதமானால் கார்தெரிக்குப் போய் இனியாவைக் கூட்டி வருவது அவர்தான். இனியாவுக்கு மூன்றரை வயதான அந்த ஜனவரியில், நான் நின்றுபோன மெட்ரோவுக்குள் சிக்கியிருந்த ஒரு மாலையில், குழந்தைக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. அக்கா எனக்காகக் காத்திருக்கவில்லை. அவளைத் தன் கோட்டுக்குள் சுற்றிக்கொண்டு டாக்ஸியில் ஏறிவிட்டார். நான் அவசரப் பிரிவுக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது இனியா முகமூடி வழியாக மருந்தை இழுத்துக்கொண்டு அவர் மடியில் இருந்தாள்.

நான் அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார். "நல்ல துப்புரவான ஆஸ்பத்திரி. எண்டாலும் சன்னல் ஒண்டும் திறக்கேலாது" என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை அவசரப் பிரிவுக்குப் போன பிறகுதான் வெயில் உள்ள ஓரிடத்துக்கு ஒரு வாரம் போவது என்று முடிவு செய்தோம். மார்ச் மாதத்துக்கு டொமினிக்கனில் ஒரு கடற்கரை விடுதி. சாப்பாடு, குடி, குடை, எல்லாம் உள்ளடக்கம். நான் முன்னூறு விமர்சனங்களைப் படித்துத் தேர்ந்தெடுத்தேன். காவலர்கள், ஆழமில்லாத குழந்தைகள் குளம், கடலிலும் மிதவைக் கயிறு. கடைசி நேரத்தில் அருணுக்கு விடுமுறை ரத்தானது. குழந்தையோடு தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை. போகாமல் இருக்கவும் மனசு வரவில்லை. கீழே இறங்கிப் போய் அக்காவைக் கேட்டேன்.

"நானோ? அந்தப் பிளேனிலயோ?" என்று கேட்டார். அத்தனை வருடங்களாக அவர் சுத்தம் செய்து அனுப்பிய விமானங்கள் எவற்றிலும் அவர் பயணம் செய்ததில்லை. பிறகு, "சரி, உமக்காக வாறன். எனக்குக் கடல் பாக்க ஆசை ஒண்டும் இல்லை" என்றார்.

விமானத்தில் உட்கார்ந்த உடன் இருக்கை மடிப்புக்குள் விரலை விட்டுத் துழாவினார். முன்னிருக்கைப் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். "இந்த வரிசை ஆர் செய்தது எண்டு எனக்குத் தெரியும்" என்று பல்லைக் கடித்தார். கைப்பையிலிருந்து ஈரத்துணிகளை எடுத்து எங்கள் வரிசையைத் துடைத்து முடித்து, நடைபாதைக்கு அந்தப் பக்கத்து வரிசைக்குக் கையை நீட்டினார். அங்கே உட்கார்ந்திருந்த கியூபெக் தம்பதி கால்களைத் தூக்கிக் கொடுத்து "மெர்சி" என்றார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விடுதியில் கையில் பட்டை கட்டினார்கள். "ஆட்டுக்குக் குறி கட்டின மாதிரி" என்றார். கடலைப் பார்த்து வரிசை வரிசையாகப் போட்டிருந்த சாய்வு நாற்காலிகளைக் கண்டதும் நின்றுவிட்டார். "என்ன பிள்ளை இது, செத்த வீட்டில கதிரை போட்ட மாதிரி?" காலையில் ஒரு சிறிய டிராக்டர் வந்து கடல் ஒதுக்கிய பாசியை வாரிக்கொண்டு போகும். "கடல் கொண்டுவந்து தாறதை ஏன் கூட்டி எறியினம்?" சாப்பாட்டு மண்டபத்தில் மீன் வெள்ளைத் துண்டுகளாக இருந்தது. "தலை இல்லாத மீன் என்ன மீன் எண்டு எப்பிடித் தெரியும்?" அலையைப் பார்த்து, "என்னத்துக்கு இந்தக் கடல் இப்பிடிக் கத்துது? ஆரும் அடிச்சவையோ?"

அறையைச் சுத்தம் செய்ய வரும் பெண்ணுக்கு முன்பே எழுந்து படுக்கைகளை மடிப்பு விழாமல் விரித்து வைத்துவிடுவார். குளியலறையைத் தேய்த்து வைப்பார். "அக்கா, இது அவங்க வேலை. நீங்க ஓய்வெடுக்க வந்திருக்கீங்க" என்று கெஞ்சினேன்.

"ஓய்வு எடுக்கிறது எப்பிடி எண்டு நீர் காட்டும், நான் பாத்துச் செய்யிறன்" என்றார்.

நியாயமான பேச்சுதான். நான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து இனியாவுக்கு வெயில் கிரீம் பூசிக்கொண்டிருந்தேன். இன்ஹேலர், மிதவைச் சட்டை, தொப்பி, தண்ணீர் என்று பட்டியல் வைத்திருந்தேன். மிதவைக் கயிற்றை யாராவது தாண்டினால், அது யார் பிள்ளையாக இருந்தாலும், நான் எழுந்து நின்றுவிடுவேன். ஓய்வு எங்கள் இருவருக்குமே வரவில்லை. இனியா மட்டும் நன்றாகத் தூங்கினாள். இருமல் நின்றுவிட்டிருந்தது.

நான்காம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது எண்ணத் தொடங்கினேன். ஒரு மணி நேரத்தில் பதினோரு "எண்டாலும்". பற்களுக்குள் அரிசிக் கல் மாட்டியது போல இருந்தது.

ஐந்தாம் நாள் காலை. மூவரும் கடற்கரையில் இருந்தோம். இனியாவின் தொப்பியை அறையில் விட்டு வந்துவிட்டேன். "அஞ்சே நிமிஷம் அக்கா, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். மின்தூக்கி வரத் தாமதமானது. பத்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது மூன்று நாற்காலிகளும் காலி. என் துண்டின் மேல் இனியாவின் மிதவைச் சட்டை கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

அந்தச் சட்டையைப் பார்த்ததும் தொப்பியைக் கீழே போட்டேன். குழந்தைகள் குளத்துக்கு ஓடினேன். கழிப்பறைகளுக்கு ஓடினேன். காவலரிடம் ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் மூன்றிலும் கத்தினேன். அவர் விசில் ஊதினார். தண்ணீரில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் என் பிள்ளை இல்லை. யாரோ ஒருவர் விடுதி எல்லையில் இருந்த பாறைகளுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். செருப்பில்லாமல் பாறைகளின் மேல் ஏறினேன்.

அந்தப் பக்கத்தில் விடுதியும் இல்லை, நாற்காலியும் இல்லை. உள்ளூர் மீனவர்கள் வலையைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள்ளிருந்து இரண்டு கயிறுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் எட்டுப் பத்துப் பேர். ஒரு கயிற்றின் வாலில், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குதிகாலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து எங்கள் அக்கா இழுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் இனியா. இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்திருந்தாள். முகம் சிவந்து, ஈரமாக, வாயெல்லாம் சிரிப்பு. அக்கா எதையோ ராகமாகச் சொல்ல, அந்த மனிதர்கள் அதற்குத் தங்கள் மொழியில் பதில் சொல்லி இழுத்தார்கள்.

நான் கீழே இறங்குவதற்குள் வலை கரையேறிவிட்டது. வெள்ளியாகத் துடித்தது. ஒரு வயதான மீனவர் இரண்டு சின்ன மீன்களை எடுத்துத் தன் தொப்பியில் போட்டு இனியாவிடம் நீட்டினார். அக்கா என்னைக் கண்டு கையை ஆட்டினார்.

"பாத்தீரோ பிள்ளை! கயித்தில கை வைச்சாப் பங்கு. சின்னப்பிள்ளை எண்டாலும் பங்கு. எங்கட கரையில இருக்கிற அதே வழமை இங்கயும் இருக்கு! நான் ஒண்டும் கேக்கேல்லை, அவையளாத்தான் தந்தவை. இப்பதான் இது கடல்!"

அந்த முகத்தை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. அதை அன்று நான் கவனித்தேனா என்பதும் எனக்குச் சந்தேகம். பிறகு நினைத்து நினைத்து உருவாக்கிக்கொண்டதாகவும் இருக்கலாம்.

இனியாவைப் பிடுங்கித் தூக்கினேன். மீன்கள் மணலில் விழுந்தன. அவள் அலறினாள். நான் அதைவிடச் சத்தமாகக் கத்தினேன்.

"லைஃப் ஜாக்கெட்டக் கழட்டி வெச்சுட்டு வந்திருக்கீங்க! அவளுக்கு மூச்சு வாங்கினா என்ன பண்ணியிருப்பீங்க? இன்ஹேலர் எங்க இருக்கு? ஒரு வார்த்த சொல்லிட்டு வர முடியாதா?"

"இது கரைதானே பிள்ளை. தண்ணிக்குள்ள இறங்கேல்லை. நான் பக்கத்தில…"

"எப்பப் பாத்தாலும் எங்க வீடு, எங்க கடல், எங்க மண்ணு! அவ்வளவு நல்லா இருந்தா அங்கயே போயிருங்களேன்! எதுக்கு இங்க வந்து எங்க உயிர வாங்குறீங்க?"

மீனவர்களுக்கு மொழி புரியவில்லை. ஆனால் எல்லாரும் கீழே பார்த்தார்கள். அக்கா செருகியிருந்த பாவாடையை எடுத்துவிட்டார். மணலில் கிடந்த இரண்டு மீன்களையும் பொறுக்கி அந்தப் பெரியவரிடம் திருப்பிக் கொடுத்தார். "சரி பிள்ளை. வாங்கோ போவம்" என்றார்.

அதற்குப் பிறகு மீதி இருந்த இரண்டு நாட்களும் அவர் எதையும் எதனோடும் ஒப்பிடவில்லை. மீன் நல்லாயிருக்கு என்றார். கடல் நல்லாயிருக்கு என்றார். நாற்காலியில் சாய்ந்து, மற்றவர்களைப் போலவே கண்ணை மூடிக்கொண்டார். படுக்கையைக்கூட விரிக்கவில்லை. நான்கு நாட்கள் நான் ஆசைப்பட்டது அதுதான். கிடைத்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "இந்தக் காப்பி கொஞ்சம் தண்ணியா இருக்குல்ல அக்கா?" என்று நானே எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். "இல்லையே, நல்லாத்தானே இருக்கு" என்றார்.

மன்னிப்புக் கேட்டேனா? கேட்டேன் என்று நினைக்கிறேன். "பயத்துல ஏதோ பேசிட்டேன்" என்று சொன்னேன். அது மன்னிப்பா, விளக்கமா என்று எனக்கே தெரியவில்லை. இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். நான் பயந்தது தவறு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. நான்கு வயதுகூட நிரம்பாத குழந்தையைத் தாயிடம் சொல்லாமல் கூட்டிப்போனது தவறுதானே? தவறுதான். "எண்டாலும்" என்று அந்த இடத்தில் என் மனசுக்குள்ளேயே அவர் குரல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்தவர், படியேறி எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலையை விடப் போவதாகவும், ஜூலையில் ஊரோடு போவதாகவும் சொன்னார். தம்பி கூரையைத் திருத்திக் கொடுத்துவிட்டாராம். நான் தோசைக் கரண்டியோடு நின்றேன்.

"நான் அன்னிக்குச் சொன்னதாலயா அக்கா?"

"நீர் என்ன சொன்னனீர்?" என்றார்.

உண்மையில் மறந்துவிட்டாரா, என்னைக் காப்பாற்றினாரா என்பதை அந்த முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அவருடைய பெரிய அரிவாள்மணையையும் இரண்டு குளிர்க் கோட்டுகளையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இனியா டோர்வலில் அழுத அழுகைக்குப் பாதுகாப்புச் சோதனையில் இருந்தவரே ஒரு மிட்டாய் கொடுத்தார்.

சரி, போனவர் தன் வீட்டில் நிம்மதியாக இருக்கிறாரா? அதுதான் என்னைப் பைத்தியமாக்குகிறது. போய் ஒரு மாதத்துக்குள் குரல் பதிவுகள் வரத் தொடங்கின. "வீடு நல்லாத்தான் இருக்கு, பிள்ளை. எண்டாலும் குளிக்கிற தண்ணி உப்புப் பிடிச்சது. அந்த ஹோட்டலில எப்பிடிச் சுடுதண்ணி வந்தது, ஞாபகமோ?" அடுத்த வாரம்: "பப்பாசி இங்கயும் இருக்கு. எண்டாலும் அங்க வெட்டிக் கோப்பையில அடுக்கித் தருவினம்." இன்னொரு நாள்: "இங்க ஆரும் பாசி அள்ளுறதில்லை. நடக்கேலாமக் கிடக்கு."

ஒருநாள் வீடியோ அழைப்பில் அவருடைய தம்பி மனைவி தொலைபேசியைப் பறித்துக்கொண்டார். "தங்கச்சி, நீங்களோ அவவை அந்த ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனது? எந்நேரமும் ஓட்டல், ஓட்டல் எண்டு எங்கட உயிரை எடுக்கிறா!" பின்னால் அக்கா, "பொய் சொல்லாத!" என்று கத்துவது கேட்டது. படம் அசைந்தபோது, வாசல் மரத்தடியில் கடலைப் பார்த்து மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்ததைப் பார்த்தேன். "அது யாருக்கு அக்கா?" என்றேன். "சும்மா இருக்கட்டும்" என்றார்.

இப்போது இனியாவுக்கு ஏழு வயது. என் பிரச்சினைக்கு வருகிறேன்.

ஆகஸ்டில் அக்கா, "இந்த நத்தாருக்கு வாங்கோவன்" என்று கிறிஸ்துமஸுக்கு அழைத்தார். அவர் மகன் இதுவரை ஒருமுறையும் போகவில்லை. எனக்குள் இருந்த குற்ற உணர்ச்சி, நான் யோசிப்பதற்கு முன்பே, "வர்றோம் அக்கா" என்று சொல்லிவிட்டது. போனை வைத்த உடனே பயமும் வந்துவிட்டது. அருணிடம் சொல்வதைத் தள்ளிப்போட்டேன். செப்டம்பரில் அவர் சிரித்துக்கொண்டு வந்தார். இந்த வருடம் அவருக்கு உறுதியாக விடுமுறை. நான் கேட்காமலேயே பதிவு செய்துவிட்டிருந்தார், டொமினிக்கன், அதே விடுதி, கிறிஸ்துமஸ் வாரம். போன முறை அங்கேதான் இனியாவுக்கு இருமல் நின்றது என்பதை அவர் மறக்கவில்லை. "சூப்பர்ங்க" என்றேன். ஆமாம், அதையும் சொன்னேன்.

பிறகு இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் போட்டேன். விடுதிக்கு நாலரை மணி நேரம். அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர இரண்டு விமானம், அதற்குப் பிறகு வேனில் அரை நாள். விடுதியில் காவலர். அங்கே அறுபதைத் தாண்டிய ஒரு பெண். கொசு, கிணறு, மின்வெட்டு, வாசலில் கடல். மருத்துவர் இரண்டு இடமும் சரி, மருந்துகளை மறக்காதீர்கள் என்கிறார். அருணிடம் கடைசியில் உண்மையைச் சொன்னபோது, "நாம ஓய்வுக்குப் போறோமா, இல்ல உன் குற்ற உணர்ச்சிய இறக்கி வெக்கப் போறோமா? அத மட்டும் சொல்லு, பதிவ மாத்திடலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் கஷ்டம். இனியாவைக் கேட்கலாம் என்றால், நான் கேட்பதற்கு முன்பே அவள் அக்காவோடு மீன் பிடிக்கப் போவதாகப் பள்ளியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

போன வாரம் மீண்டும் தம்பி மனைவி தனியாக அழைத்தார். அக்கா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாராம், "என்ர கனடாப் பிள்ளையள் வருகினம்" என்று. கோயிலில் நத்தார் நாடகத்தில் வானதூதர் வேடத்துக்கு இனியாவின் பெயரைக் கொடுத்தாகிவிட்டதாம். "வராட்டி இப்பவே சொல்லிப்போடுங்கோ தங்கச்சி. மகன் வாறன் வாறன் எண்டு ரெண்டு தரம் ஏமாத்திப்போட்டான். அவ சனத்துக்கு முன்னால சிரிச்சுக்கொண்டு திரிஞ்சவ, பேந்து மூண்டு நாள் சாப்பிடேல்லை."

நேற்று அக்காவிடமிருந்து ஒரு பதிவு வந்தது. அவருக்கு என் மனசு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. "பிள்ளை, நீர் பயப்பிடுவீர் எண்டு தெரியும். ஆட்டோக்காரப் பெடியனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தரம் ஓடிப் பாத்தனான். பகலில இருவத்திரண்டு நிமிசம், சந்தை நாளில முப்பது. மூச்சிழுப்புக்குப் புகை பிடிக்கிற மிஷின் அங்க இருக்கு, நேர்ஸைக் கேட்டுக் கண்ணால பாத்தனான். நீர் எடுத்த ஹோட்டலில இருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் எண்டு பாத்தனீரோ?"

நான் பார்க்கவில்லை. முன்னூறு விமர்சனங்களைப் படித்தவள் அதைப் பார்க்கவில்லை. நேற்றுத்தான் தேடினேன். ஐம்பது நிமிடம்.

அவர் சொல்வது சரியாக இருப்பதைவிட எரிச்சலான விஷயம் உலகத்தில் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பதால் மட்டும் ஒரு தாய் நிம்மதியாகத் தூங்கிவிட முடியுமா? நான் கை கழுவ உள்ளே போன நேரத்தில் அவர் மறுபடியும் அவளைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போய்விட மாட்டாரா? போவார். எனக்கு நன்றாகத் தெரியும். போகாதீர்கள் என்று இன்னொரு முறை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியுமா என்பதுதான் தெரியவில்லை.

விடுதிப் பதிவை வெள்ளிக்கிழமை வரைதான் மாற்ற முடியும். ஆகவே இதைப் படிப்பவர்களிடம் கேட்கிறேன். மூச்சிழுப்பு உள்ள பிள்ளையோடு அந்தக் கரைப்பக்கம் டிசம்பரில் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால், எப்படி இருந்தது என்று எழுதுங்கள். போக வேண்டாம் என்பவர்கள், அதை அவரிடம் எந்த வார்த்தைகளில் சொல்வது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரு வேண்டுகோள், "உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் மனசுதான் இரண்டு பேரிடமும் சரி என்று சொல்லித் தொலைத்தது.